டியூஷன் யாருக்கு?

நம் ஊரில் டியூஷன் வைத்துக்கொள்ளாத பையன் எத்தனை பேர்? 95 மார்க் வாங்குகிறவனுக்கு 98 வாங்க டியூஷன். 98 வாங்குகிறவனுக்கு அந்த 98 கைநழுவிப் போகாமல் இருக்க டியூஷன். விடியற்காலை ஐந்து மணிக்கு ஒருவரிடம் பௌதிகம், மாலை ஏழு மணிக்கு இன்னொருவரிடம் கணக்கு. வகுப்பிலே காலையில் புரியாத பாடம், அதே ஆசிரியர் வீட்டு மாடியில் மாலையில் சொல்லும்போது பளிச்சென்று புரிந்துவிடுகிறது. இதை யாரும் குற்றமென்று சொல்வதில்லை. 'ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கவனம் வேண்டியிருக்கிறதே, ஸார்!' என்று நியாயம் பேசுகிறோம். ரொம்ப சரி.

இனி, பள்ளிக்கூட வாசலைத் தாண்ட முடியாமல் தவிக்கிற ஒரு பிள்ளைக்காக இதே தனிக் கவனத்தைக் கேட்டுப் பாருங்கள். 'இவனுக்கு ஏற்றபடி, இவன் வேகத்துக்கு, வீட்டிலேயே சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியர் வேண்டும்' என்று சொல்லுங்கள். அந்த க்ஷணமே எல்லோருக்கும் கொள்கை ஞாபகம் வந்துவிடும். 'அதெப்படி? பள்ளிக்கூடம் போய்த்தான் படிக்கவேண்டும். நாலு பேரோடு பழகவேண்டாமா? இன்றைக்கு இவனுக்கு விட்டுக்கொடுத்தால் நாளைக்கு எல்லாப் பிள்ளைகளும் கேட்குமே!' டியூஷன் என்பது நன்றாகப் படிக்கிறவனுக்குச் சத்துணவு. படிக்கவே வழியில்லாதவனுக்கு மட்டும் அது செல்லம். இந்தத் தர்க்கம் எந்தக் குருகுலத்தில் கற்றது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

நான் சொல்ல வந்தது ஆட்டிஸம் உள்ள பிள்ளைகளைப் பற்றி. கதை எழுதுகிறவனுக்கு இந்த விவகாரத்தில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். நான் வைத்தியனும் இல்லை, கல்வி நிபுணனும் இல்லை. ஆனால் எங்கள் தெருவில் ஒரு பையனை இரண்டு வருஷமாகப் பார்த்து வருகிறேன். அவனைப் பற்றி ஊரார் பேசுவதையும் கேட்டு வருகிறேன். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்பது, மனிதர்களைக் கவனிப்பதையே பிழைப்பாகக் கொண்ட எனக்குக்கூடக் கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

முதலில் பெயரை எடுத்துக்கொள்வோம். ஆட்டிஸத்துக்கு நம் சர்க்கார் காகிதங்களில் 'புற உலகச் சிந்தனையற்ற' நிலை என்று ஒரு மொழிபெயர்ப்பு வழங்கி வந்திருக்கிறது. பத்திரிகைகள் 'மதியிறுக்கம்' என்கின்றன. இவற்றை உண்டாக்கிய புண்ணியவான் ஒரு நாளாவது இப்படிப்பட்ட பிள்ளையோடு உட்கார்ந்திருந்தால் பேனாவைக் கீழே வைத்திருப்பார். இந்தப் பையனுக்குப் புற உலகம் இல்லாமலா இருக்கிறது? புற உலகம்தான் அவனுக்கு மிதமிஞ்சி வந்து மோதுகிறது. நமக்குக் கேட்காத டியூப்லைட்டின் ரீங்காரம் அவனுக்குக் கேட்கிறது. பிரார்த்தனைக் கூட்டத்து ஒலிபெருக்கி காதுக்குள் ஆணி அடிக்கிறது. 45 பேர் ஒரே சமயத்தில் டிபன் டப்பாவைத் திறந்தால் அந்த வாசனைக் கலவையில் வயிற்றைப் புரட்டுகிறது. மணி எப்போது அடிக்கும் என்று தெரிந்திருந்தும், அடிக்கும்போது உடம்பு தூக்கிப் போடுகிறது. பக்கத்துப் பையன் சிரிக்கிறானே, அது சிநேகச் சிரிப்பா, கேலிச் சிரிப்பா? நாம் யோசிக்காமலே அறிந்துகொள்ளும் இந்த விஷயத்தை அவன் ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கவேண்டும்.

இத்தனையையும் பல்லைக் கடித்துக்கொண்டு மாலை நாலு மணி வரை தாங்குகிறான். வாத்தியாரம்மா, 'பள்ளிக்கூடத்தில் நன்றாகத்தானே இருக்கிறான்?' என்கிறார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் வெடிக்கிறான். சுவரில் முட்டிக்கொள்கிறான், அலறுகிறான், இரவு தூங்குவதில்லை. இப்படி ஒரு வருஷம், இரண்டு வருஷம். ஒரு நாள் காலையில் சீருடையைப் போட்டுக்கொண்டு வாசல் வரை வருகிறான். அதற்கு மேல் கால் நகரவில்லை. அவ்வளவுதான்.

இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் 'பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அடம் பிடிக்கிறான்.' கால் ஒடிந்தவனைப் பார்த்து நடக்க அடம் பிடிக்கிறான் என்று சொல்ல நமக்கு நாக்கு கூசும். இங்கே கூசவில்லை.

பழி யார் தலையில் விழும் என்று சொல்லவேண்டியதில்லை. 'அம்மா செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள்.' அமெரிக்காவில் இதற்கு நேர் எதிராகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1950-களிலும் 60-களிலும் அங்கே பெரிய பெரிய மனோதத்துவ டாக்டர்கள், தாயின் பாசம் குளிர்ந்து உறைந்து கிடந்ததால்தான் குழந்தைக்கு ஆட்டிஸம் வந்தது என்றார்கள். ஆட்டிஸம் உள்ள ஒரு மகனுக்குத் தகப்பனான பெர்னார்ட் ரிம்லண்ட், 1964-இல் ஒரு புத்தகமே எழுதி அது வெறும் அபாண்டம் என்று எடுத்துக் காட்டினார். அதற்கு மூன்று வருஷம் கழித்து, 1967-இல், புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் அதே அபாண்டத்தை இன்னும் கனமான புத்தகமாகப் போட்டார். அங்கே தாய் குளிர்ந்ததால் குற்றம். இங்கே தாய் குழைந்ததால் குற்றம். எந்தத் தேசத்திலும் தாயின் பெயர் குற்றப்பத்திரிகையிலிருந்து விடுபடுவதில்லை. எங்கள் தெருப் பையனின் தாயார் பாங்கி உத்தியோகத்தை ராஜிநாமா செய்துவிட்டு வீட்டில் இருக்கிறார். அதையும் 'சம்பாதிக்கிற திமிர் அடங்கிற்று' என்று ஓர் அத்தை வர்ணித்ததை என் காதாலேயே கேட்டேன்.

பள்ளிக்கூடம் என்ன செய்தது? சட்டத்தைப் பார்த்தது. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு முடிகிறவரை ஒரு குழந்தையைப் பள்ளியிலிருந்து வெளியேற்ற முடியாது. ஆகவே அவர்கள் வெளியேற்றவில்லை. தகப்பனாரைக் கூப்பிட்டு, காபி கொடுத்து, 'நீங்களே டி.சி. வாங்கிக்கொண்டால் நல்லது. எங்களால் அவனுக்கு நியாயம் செய்ய முடியவில்லை' என்று பரிவோடு சொன்னார்கள். இருக்க வேண்டுமானால் 'ஷாடோ டீச்சர்' ஒருவரை உங்கள் செலவில் வைத்துக்கொள்ளுங்கள். வருகைப் பதிவு குறையக்கூடாது. பத்தாம் வகுப்பில் சி.பி.எஸ்.இ. 75 சதவீதம் கேட்கும் என்று இப்போதே பயமுறுத்தினார்கள். பையன் என்ன படித்தான், எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லையாம். பேச்செல்லாம் வருகையைப் பற்றித்தான்.

வருகைதான் படிப்பு என்றால் பெஞ்சுகளும் கரும்பலகையும் அல்லவா பெரிய பண்டிதர்களாகியிருக்க வேண்டும்? அவை ஒரு நாள்கூட விடுப்பு எடுப்பதில்லையே!

அந்தப் பையனுக்கு இப்போது 13 வயது. அவனுடைய ஆசை வேறு யாருக்கும் இல்லாத ஆசை. தினசரிப் பத்திரிகையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளின் நீர்மட்டம் போடுகிறார்களே, அதைத்தான் முதலில் படிப்பான். செம்பரம்பாக்கத்தின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, ஆழம் 24 அடி. புழல் 3,300. பூண்டி 3,231. எல்லாம் தலைகீழ்ப் பாடம். 2019 கோடையில் இவை வறண்டு கிடந்ததையும், 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் திறந்துவிடப்பட்டதையும், ஏதோ சொந்தக்காரர்களுக்கு நேர்ந்த சுகதுக்கம் மாதிரி சொல்லுவான். பள்ளிக்கூடத்தில் இது ஒரு நோய்க்குறி. 'ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறான். அந்தப் பேச்சை நிறுத்தினால்தான் பாடத்தில் கவனம் வரும்' என்று டயரியில் எழுதி அனுப்பியிருந்தார்கள்.

பிறகு ஒரு டீச்சர் கிடைத்தார். மாநகராட்சிப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மாலை நாலு மணிக்கு வருவார். கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து பத்திரிகை படிப்பார். பையன் அறையை விட்டு வரமாட்டான். அவர் கூப்பிடவும் மாட்டார். நாலரை மணிக்கு எழுந்து போய்விடுவார். மூன்று வாரம் இப்படியே நடந்தது. பையனுடைய தாத்தாவுக்குப் பொறுக்கவில்லை. 'பேப்பர் படிக்கிறதற்கா சம்பளம்? அதை நானே செய்வேனே!' என்றார். வாஸ்தவம். ஆனால் தாத்தா பேப்பர் படித்தால் நடுநடுவே 'டேய், இங்கே வா' என்று அதட்டுவார்; அந்த அம்மாள் அதட்டவில்லை. வித்தியாசம் அதில்தான் இருந்தது.

நாலாவது வாரம் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது: 'இன்னிக்குப் பூண்டி அளவு தப்பாப் போட்டிருக்கான்.'

டீச்சர் தலையைத் தூக்காமலே, 'எவ்வளவு இருக்கணும்?' என்று கேட்டார்.

பாடம் அங்கே ஆரம்பித்தது. ஏரியில் பாதி ஆழத்துக்குத் தண்ணீர் இருந்தால் பாதிக் கொள்ளளவு இருக்கவேண்டுமே, ஏன் அதற்கும் குறைவாக இருக்கிறது? கிண்ணம் ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் டம்ளர் டம்ளராக ஊற்றிப் பார்த்தார்கள். கன அளவு வந்தது, சதவீதம் வந்தது, தசமம் வந்தது, வரைபடம் வந்தது. ஒரு மில்லியன் கன அடி என்றால் ஏறக்குறைய 2 கோடியே 83 லட்சம் லிட்டர் என்று அவனே பெருக்கிக் கண்டுபிடித்தான். மழை எங்கிருந்து வருகிறது என்று பூகோளம் வந்தது. ஏரிகளை யார் வெட்டினார்கள் என்று சரித்திரம் வந்தது. தமிழ்க் கட்டுரை எழுதமாட்டேன் என்று பள்ளிக்கூடத்தில் பேனாவை உடைத்தவன், தவறான அளவு அச்சிட்ட பத்திரிகைக்கு ஆசிரியர் கடிதம் எழுதினான். கடுமையான கடிதம். பிரசுரமாகவில்லை என்பது வேறு விஷயம்; என்னுடைய முதல் இருபது கதைகளும்தான் பிரசுரமாகவில்லை.

இது அதிசய வைத்தியம் இல்லை. இன்றைக்கும் சில நாட்களில் அவன் அறைக் கதவு திறப்பதில்லை. அன்றைக்கு டீச்சர் ஒரு சீட்டில் ஒரே ஒரு கணக்கை எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகிறார். சீட்டு சில சமயம் விடையோடு திரும்பி வருகிறது, சில சமயம் வருவதில்லை.

இந்த முறை ஏதோ புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது என்று நினைக்கவேண்டாம். லியோ கானர் என்ற டாக்டர் அமெரிக்காவில் 1943-இல், 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆட்டிஸம் என்ற பெயர் ஊரறிந்ததே அதிலிருந்துதான். அதில் முதல் குழந்தை மிஸிஸிப்பியைச் சேர்ந்த டொனால்ட் டிரிப்ளெட். 1942-இல் அவனுடைய பெற்றோர் அவனைப் பத்து மைலுக்கு அப்பால் ஒரு குடியானவத் தம்பதியிடம் விட்டிருந்தார்கள். 1945-இல் கானர் அங்கே போய்ப் பார்த்தார். பையனுக்கு எதையும் அளந்துகொண்டே இருக்கிற பைத்தியம். அந்தத் தம்பதி அதைத் தடுக்கவில்லை; 'கிணறு வெட்டு, ஆழம் எவ்வளவு என்று வந்து சொல்லு' என்று வேலை கொடுத்தார்கள். சோள வரிசைகளை ஓயாமல் எண்ணிக்கொண்டிருந்தான். 'உழுதுகொண்டே எண்ணு' என்றார்கள். பக்கத்துக் கிராமப் பள்ளிக்கூடம் அவனுடைய விசித்திரங்களோடு அவனை ஏற்றுக்கொண்டது. பல்கலைக்கழகப் பட்டங்களைச் சுமந்துகொண்டு போன டாக்டர், மண்வெட்டி பிடித்த அந்த இரண்டு பேருடைய புத்தியைக் கண்டு பிரமித்துப்போனதாகத் தாமே எழுதியிருக்கிறார். டொனால்ட் 1958-இல் கல்லூரிப் பட்டம் பெற்றார், பாங்கியில் வேலை பார்த்தார், கோல்ப் விளையாடினார், ஊர் சுற்றினார், 2023-இல், 89-ஆம் வயதில் காலமானார்.

நம் பக்கத்திலும் பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் 'வகுப்பு' என்பதே கிடையாது. ஒருவன் மணலில் எழுத்து எழுதிக்கொண்டிருப்பான், பக்கத்தில் இன்னொருவன் எண்சுவடி ஒப்பித்துக்கொண்டிருப்பான். அவனவன் முடித்தால் அவனவனுக்கு அடுத்த பாடம். அங்கே பிரம்பும் கோதண்டமும் இருந்தன. சாதி பார்த்துச் சேர்த்தார்கள். அதையெல்லாம் திரும்பக் கொண்டுவா என்று நான் சொல்லவில்லை. ஆனால் 45 பேருக்கு ஒரே நிமிஷத்தில் ஒரே பாடம் என்பது ஆதிகாலத்துத் தர்மமில்லை. நிர்வாக சௌகரியத்துக்காக ஏற்பட்டது என்பதையாவது நாம் தெரிந்துகொள்ளலாம்.

சட்டம் இதற்கு இடம் கொடுக்கவில்லையா என்றால், கொடுத்திருக்கிறது. கொடுத்த விதம்தான் விசேஷம். 2012-இல் கல்வி உரிமைச் சட்டத்தைத் திருத்தி, கடுமையான ஊனமும் பல்வகை ஊனமும் உள்ள குழந்தைகள் வீட்டிலிருந்தபடியே கல்வி பெறலாம் என்று உரிமை தந்தார்கள். கடுமை என்றால் எவ்வளவு? 80 சதவீதமும் அதற்கு மேலும். எங்கள் தெருப் பையனுடைய சான்றிதழில் 50 என்று போட்டிருக்கிறது. ஆக, அவனுடைய கால் பள்ளிக்கூட வாசலில் பாதிதான் நிற்கவேண்டும். மீதிப் பாதி உள்ளே போய்விடவேண்டும் என்பது சர்க்காரின் எதிர்பார்ப்பு. நன்றாகப் பேசுகிறான், கணக்குப் போடுகிறான் என்பதே அவனுக்கு விரோதமான சாட்சியாகிவிட்டது. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிஸத்தைப் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்டது. 1995-ஆம் வருஷத்துச் சட்டத்தில் அந்தப் பெயரே இல்லை. 2021-இல் உச்ச நீதிமன்றம், தொடக்கப் பள்ளியில் இப்படிப்பட்ட 10 குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்று சிறப்பாசிரியர் வேண்டும் என்று சொல்லிற்று. காகிதத்தில் எல்லாம் அழகாக இருக்கிறது. இருக்கிற சிறப்பாசிரியர்களைத் தொகுப்பூதியத்தில் வைத்து, நிரந்தரம் கேட்டு அவர்களைத் தெருவில் உட்கார வைத்திருக்கிறோம். 14 வயதானால் தேசியத் திறந்தவெளிப் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பெயர் பதிந்து, ஐந்து வருஷத்துக்குள் ஒன்பது தடவை வரை எழுதலாம். பரீட்சைக்குக் கதவு திறந்திருக்கிறது. பாடம் சொல்லத்தான் ஆள் இல்லை.

சீமையில் மட்டும் என்ன வாழ்கிறது என்று கேட்கலாம். அங்கே 1944-ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே, பிள்ளை பள்ளிக்கூடம் போய்ப் படிக்கலாம் 'அல்லது வேறு வகையில்' படிக்கலாம் என்று இரண்டு சொல்லைச் சேர்த்து வைத்தார்கள். நோயாலோ வேறு காரணத்தாலோ பள்ளிக்கு வர முடியாத பிள்ளைக்கு உள்ளூர் நிர்வாகமே படிப்புக்கு ஏற்பாடு செய்யவேண்டும் என்று 1996-ஆம் வருஷத்துச் சட்டம் கடமையாக்கிற்று. ஆனால் அதே தேசத்தில், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்கு அபராதம் 2024 ஆகஸ்டிலிருந்து 80 பவுன்; 21 நாளில் கட்டாவிட்டால் 160. ஒரு கையால் ஆசிரியரைக் கொடுக்கச் சொல்லி மறு கையால் அபராதச் சீட்டை நீட்டுகிறார்கள். ஆனாலும் அந்த இரண்டு சொல் சட்டத்தில் இருப்பதால் அங்கே ஒரு தாய் வழக்காடவாவது முடிகிறது.

'வீட்டிலிருந்து படிப்பது நடைமுறைக்கு ஒவ்வாது' என்று நம் தலைமையாசிரியர்கள் சொல்லும்போதுதான் எனக்குச் சிரிப்பு வருகிறது. 2020 மார்ச்சிலிருந்து 2021 நவம்பர் 1-ஆம் தேதி வரை தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை ஒரு குழந்தைகூட வகுப்பில் உட்காரவில்லை. 19 மாதம்! வருகைப் பதிவேடு அழவில்லை, ராஜ்யம் கவிழவில்லை, எல்லாரும் தேர்ச்சி. எத்தனையோ குழந்தைகளுக்கு அது பெரிய நஷ்டம், மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பையனின் தாயார், 'ஸார், அந்த 19 மாசம்தான் இவன் ராத்திரி தூங்கினான்' என்கிறார். எல்லோருக்கும் அவசியமானபோது முடிந்த காரியம், ஒருவனுக்கு மட்டும் அவசியமாகும்போது முடியாமல் போகிறது.

இனி அந்த நாலு பேர். 'நாலு பேரோடு பழகவேண்டாமா?' என்ற கேள்விக்கு நான் பதில் தேடிப் போகவில்லை, அதுவாகவே வந்தது. போன ஐப்பசியில் டீச்சர் பையனைப் புழல் ஏரிக்கரைக்கு அழைத்துக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன். அங்கே மட்டம் பார்க்கிற ஊழியர் ஒருவரிடம், பள்ளிக்கூடத்தில் வாயே திறக்காதவன் என்று பெயரெடுத்த பையன் முக்கால் மணி நேரம் பேசினான். அவரும் சலிக்காமல் பதில் சொன்னார். அவருக்கும் தம் வேலையைப் பற்றி இத்தனை அக்கறையாக யாரும் கேட்டிருக்கமாட்டார்கள் போலிருக்கிறது. வகுப்பிலே இவனுக்கு வாய்த்த நாலு பேர் இவனுடைய டிபன் டப்பாவை ஒளித்து வைத்தவர்கள். பழக்கம் என்றால் எந்தப் பழக்கம் என்று கேள்வி கேட்கிறவர்கள் சொல்லட்டும்.

வேறு சிலர் அனுதாபமாக, 'இந்த மாதிரிப் பிள்ளைகள் பெரிய மேதைகளாக வருவார்கள், ஸார். கணித மேதை இராமானுஜமே...' என்று ஆரம்பிக்கிறார்கள். தயவுசெய்து இராமானுஜத்தை விட்டுவிடுங்கள். இவன் மேதையாக வராமலும் போகலாம். நீர்வளத் துறையில் ஒரு குமாஸ்தாவாக ஆகலாம், அதுவும் ஆகாமல் போகலாம். 95 மார்க் பையனிடம் 'நீ மேதையாவாயா?' என்று கேட்டுவிட்டா டியூஷன் வைக்கிறோம்?

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருப் பையனுக்கு டீச்சர் கிடைத்ததற்குக் காரணம், அவன் தகப்பனாருக்குச் சம்பளம் இருந்தது, டீச்சருக்குப் பென்ஷன் இருந்தது. கட்டடத் தொழிலாளியின் மகனுக்கு இதே கால் இதே வாசலில் நின்றால் என்ன செய்வது? அவன் இரண்டு மாதத்தில் 'இடைநின்றவன்' என்று ஒரு பட்டியலில் ஏறிவிடுவான். தனி ஆசிரியர் என்பதைப் பணக்காரர் பண்டமாக விட்டுவிட்டால் அதற்கும் கடைகள் முளைக்கும், முளைத்தும் விட்டன. கண்ணாடிக் கதவு, வர்ணம் பூசிய சுவர், மணிக்கணக்கில் கட்டணம், 'மூன்று மாதத்தில் பள்ளிக்குத் திருப்பி அனுப்புகிறோம்' என்று உத்தரவாதம். ரிப்பேருக்குக் கொடுத்த ரேடியோவைத் திருப்பிக் கொடுப்பது மாதிரி! பள்ளிக்கூடம் மாறவேண்டியதில்லை, பிள்ளையைச் செதுக்கினால் போதும் என்பதுதான் அந்தக் கடைகளின் சரக்கு. பையன் ஒரு நாள் தானாகப் பள்ளிக்குப் போனால் போகட்டும். போகவில்லை என்றாலும், அவனுக்குப் பாடம் சொல்ல ஓர் ஆசிரியரை, அவன் பெயர் இருக்கிற பள்ளிக்கூடமே, தன் சம்பளப் பட்டியலிலிருந்தே அனுப்பவேண்டும். சதவீதம் பார்த்து அல்ல. அவனால் வர முடிகிறதா இல்லையா என்று பார்த்து.

இந்தப் பக்கங்களை வாசிக்கிறவர்களில் பள்ளி நிர்வாகக் குழு அங்கத்தினர்கள் இருப்பார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர்களும், கல்வி இலாகாவில் கோப்பு நகர்த்துகிறவர்களும் இருப்பார்கள். உங்கள் பள்ளியின் அடுத்த கூட்டத்தில் ஒரு கணக்கு கேளுங்கள். போன மூன்று வருஷத்தில் 'சொந்தக் காரணங்களுக்காக' டி.சி. வாங்கிக்கொண்டு போன பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேர் வேறு பள்ளியில் சேர்ந்தார்கள்? மீதிப் பேர் இப்போது எந்த வீட்டில், எந்தக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்?